வடைமாலைக்கு ஒரு தெய்வம்

இந்தக் கோடை முடிவதற்குள் ஒரு வடையாவது சாப்பிட்டே தீருவது என்று நான் உறுதி எடுத்தேன்.

என் பெயர் பேரின்பநாதன். பேரின்பம் பெயரில் மட்டும்தான். நான் கேட்டது வடை அளவுள்ள ஒரு சின்ன இன்பம். அதற்கும் வழியில்லை. என் இரத்தத்தில் கொழுப்புக் கூடிவிட்டது என்று டொக்டர் சொன்ன அன்றே, என் மனைவி தாட்சாயினி வடை, அப்பளம் பொரிக்கிற எண்ணெய்த் தாச்சியைப் பழைய பேப்பரில் சுற்றி, பனிச் சப்பாத்துகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே ஆவியில் வேகின்றன. நான் உட்பட.

அந்த நேரத்தில்தான் தாட்சாயினி சூனியக்காரியானாள்.

பயப்படாதீர்கள். செய்வினை, பில்லி எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் ஜினெட் என்றொரு கியூபெக் அம்மா இருக்கிறார். அவர் நடத்தும் கூட்டம் அது. நிலவு பார்ப்பார்கள். மூலிகை காயவைப்பார்கள். மரத்தைத் தடவி 'மெர்சி' என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார்கள். சேர்கிற ஒவ்வொருவரும் தான் வணங்கப்போகும் தெய்வத்தைத் தானே தெரிவு செய்ய வேண்டும். அதுதான் சட்டம்.

"இஞ்சருங்கோ, எனக்கொரு தெய்வம் வேணும்" என்றாள் தாட்சாயினி, அவித்த கத்தரிக்காயை என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டபடி.

"ஏன், சாமித்தட்டில இருக்கிறவை காணாதோ?"

"அவை அம்மா அப்பா பார்த்துத் தந்தவை. இது நானாத் தேடி எடுக்கிறது."

"எங்கட கலியாணம் மாதிரி இல்லை எண்டுறீர்."

"ஓம். இதில யோசிக்க நேரம் தருகினம்."

நான் கத்தரிக்காயை விழுங்கினேன்.

"ஜினெட் ஆரை எடுத்திருக்கிறா?"

"அயர்லாந்துப் பக்கத்து நெருப்பு அம்மன் ஒராளை. அவசரப்பட்டு எடுக்கக்கூடாதாம். அவைக்கு என்ன பிடிக்கும், எங்கட கையால என்ன படைக்கோணும் எண்டெல்லாம் விசாரிச்சுப்போட்டுத்தான் எடுக்கோணுமாம்."

படைக்க வேண்டும்! என் இரண்டு காதுகளும் எழுந்து நின்றன.

அவள் பாத்திரம் கழுவும்போது நான் தெய்வங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். பிள்ளையாருக்கு மோதகம். அதுவும் ஆவியில் அவித்தது. வேண்டாம். முருகனுக்குச் சஷ்டி விரதம். இருக்கிறதும் போய்விடும். அம்மனுக்குப் பொங்கல். அதில் எண்ணெய் எங்கே? சனிபகவானுக்கு எண்ணெய் உண்டு. ஆனால் எரிப்பதற்கு.

கடைசியில் வந்து நின்றார் வைரவர்; பைரவர் என்றும் சொல்வார்கள்.

யாழ்ப்பாணத்தில் வைரவருக்கு உழுந்து வடையை மாலையாகக் கோத்துச் சாத்துவார்கள். பூசை முடிந்ததும் மாலையை அறுத்து வடையைப் பங்கிடுவார்கள். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எந்த டொக்டருக்கும் அதிகாரம் இல்லை.

"இஞ்சருமப்பா, வைரவரை எடும்."

"ஏனாம்?"

"அவருக்குக் கோபுரம் வேண்டாம், கூரை வேண்டாம். மரத்தடியில ஒரு சூலம் காணும். வெயில், மழை எல்லாம் அவரின்ர தலையிலதான். இதைவிட இயற்கையான தெய்வம் எங்க இருக்கு?"

"அவருக்கு என்ன படைக்கிறது?"

நான் கூரையைப் பார்த்தேன். "என்னவோ ஒண்டு… உழுந்தில செய்வினம் எண்டு ஞாபகம்."

"வடைமாலையோ? ஐயோ, ஆர் அவ்வளவு உழுந்து அரைக்கிறது? எனக்குக் கை உளைவு."

"நான் அரைக்கிறன்!"

"தட்டோணும்."

"தட்டுறன்!"

"சுட்டு, மாலையும் கோக்கோணுமே?"

"எல்லாம் என்ர பொறுப்பு. தாச்சியையும் நானே எடுத்துத் தாறன்."

"அது எங்க இருக்கெண்டு தெரியுமோ?"

தெரியும். அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பௌர்ணமியன்று நான் உழுந்து அரைத்தேன், தட்டினேன், சுட்டேன். வாசம் வந்தது. வாய் ஊறியது. "உப்புப் பார்க்கட்டோ?" என்று கேட்டேன்.

"சாமிக்கு முதல் நீங்களோ?"

கையை எடுத்துவிட்டேன். பொன்னிற வடைகளை ஒவ்வொன்றாக நூலில் கோத்தேன். கோத்தபோது ஒவ்வொன்றிடமும் மனதுக்குள் சொன்னேன்: பின்னேரம் சந்திப்போம்.

பின்னேரம் பக்கத்துப் பூங்காவில், மேப்பிள் மரத்தடியில் கூடினோம். ஜினெட் பச்சைப் போர்வையில் வந்திருந்தார். அவருடைய கறுப்பு நாய் மினுயியும் வந்திருந்தது. சூலத்துக்கு ஜினெட்டின் மண் கிளறும் மூன்று பல் முள்ளு. அதை நட்டு மாலையைச் சாத்தினோம். தாட்சாயினி தேவாரம் பாடினாள். ஜினெட் பிரெஞ்சில் நிலவை அழைத்தார். நான் கண்ணை மூடி வடையை நினைத்தேன். பூசை முடிந்ததும் முதல் ஆளாகக் கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ!" என்றாள் தாட்சாயினி.

"பிரசாதமப்பா!"

"இந்த வழியில படைச்சதைத் திருப்பி எடுக்கிறேல்லை. மண்ணுக்கும் மற்ற உயிருகளுக்கும் விட்டிடுறது."

"வைரவர் அப்பிடி இல்லை! அவர் தாற தெய்வம்!"

"தாறார்தானே. வாகனத்துக்கு."

வைரவரின் வாகனம் நாய். நான் வசதியாக மறந்திருந்த விஷயம் அது. திரும்பிப் பார்த்தேன். மினுயி மாலையின் பாதியை முடித்திருந்தது.

"கண்டீங்களோ, ஏற்றுக்கொண்டிட்டார்!" என்று, கைதட்டியபடி ஜினெட் பிரெஞ்சில் சொன்னதைத் தாட்சாயினி தமிழில் சொன்னாள்.

"நாய்க்கும் கொழுப்பு வருமெல்லோ?" என்று நான் அலறினேன். ஒருவரும் கேட்கவில்லை. மினுயி கடைசி வடையையும் விழுங்கிவிட்டு நூலை நக்கியது.

வீட்டுக்குக் கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன். "உண்மையைச் சொல்லும். வைரவரை எடுக்கச் சொல்லி நான் சொல்லேக்கையே உமக்கு இது தெரியுமோ?"

"நீங்கள் சொல்ல முதலே அவரைத்தான் எடுக்கிறன் எண்டு ஜினெட்டிட்டச் சொல்லிட்டன்."

"பிறகேன் என்னட்டக் கேட்டனீர்?"

"உழுந்து அரைக்க ஒரு ஆள் வேணுமெல்லோ?"

ஜினெட் சிரித்தபடி வந்து நாயின் கயிற்றை என் கையில் தந்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"இவ்வளவு சாப்பிட்டது செமிக்கோணுமாம். பூங்காவைச் சுத்தி நடத்திக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

நடந்தேன். நான் அரைத்து, தட்டி, சுட்ட வடை முழுவதும் எனக்கு முன்னால் நாலு காலில் நடந்துகொண்டிருந்தது.