கொள்கை அண்ணையின் மூன்றாவது கேள்வி

அமெரிக்க அதிபர் பதவிக்கு ஆசைப்படுகிறவர்களின் கொள்கைகளை அவர்களைவிட நன்கு அறிந்த மனிதர் ஒருவர் சுவிட்சர்லாந்தின் டீட்டிகோனில் வாழ்கிறார். இதை அவ்வேட்பாளர்கள் அறியார். இழப்பு அவர்களுடையது.

கொள்கை அண்ணை என்பதே அவருக்கு ஊரிட்ட பெயர்; எனக்கு அவர் இளையவர்தான். முதியோர் இல்லமொன்றில் சமையலறைப் பணி. இலங்கை வாக்கை விட்டுவந்தவர். சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் இல்லை. எந்த நாட்டிலும் வாக்கில்லாத அவர், அமெரிக்கக் கட்சிகள் தம் வேட்பாளரைத் தெரிவதற்கு நடத்தும் விவாதங்களை மட்டும் ஒன்றுவிடாமல் பார்ப்பார். வரியைப் பற்றி ஒருவர் அன்று சொன்னதும் இன்று சொல்வதும் பொருந்தவில்லையென்று ரயிலில் என்னிடம் வருந்துவார், மாற்றிச் சொன்னவள் நானே என்பதுபோல.

"ஒரே கட்சிக்குள்ளை ஏன் அண்ணை அடிபடுகினம்?" என்று ஒருவர் கேட்டார்.

"முதல் வீட்டுக்குள்ளை அடிபட்டு ஒராளைத் தெரிவினம். பிறகுதான் வெளியாலை அடிபடுவினம். நாங்கள் முதல் அடிபாட்டிலேயே நிண்டிட்டம்."

சலவை அறையை முறைவைத்துப் பயன்படுத்தும் கட்டிடம் அவருடையது. முறைநாளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்ட மேல்மாடிச் சுவிஸ் அம்மையாரிடம், துணி உலர்த்தும் கம்பிகள் பற்றிய அவருடைய நிலைப்பாட்டை முதலில் கேட்டாராம். அம்மையார் சிரிக்கவில்லை, ஆழ்ந்து யோசித்துப் பதில் சொன்னாராம். அண்ணைக்கேற்ற நாட்டையே இறைவன் அருளியிருக்கிறான்.

எங்கள் முருகன் கோயில், முன்பு பண்டகசாலையாக இருந்த கட்டிடத்தில் இருக்கிறது. மாலைப் பூசை முடிந்ததும் முதிய பெண்கள் சிலர் நின்று பதிகம் ஓதுவோம். எங்கள் குரல்கள் நடுங்கும், நேரமும் செல்லும். அதை நிறுத்திவிட்டு ஒலிப்பதிவு போடலாமென்று சிலர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தனர். அவ்வேளையில் நிர்வாகசபைத் தலைவர் தேர்தல் வந்தது. ஓர்லிகோனில் மளிகைக்கடை வைத்திருக்கும் செல்வமும், பேருந்து ஓட்டும் நாதனும் நின்றார்கள். எங்களிடம் "பாடுங்கோ" என்றார்கள்; முணுமுணுத்தவர்களிடம் "நிப்பாட்டலாம்" என்றார்கள். என் வாழ்நாளின் ஒரே திருத்தொண்டு இவ்விருவர் புன்னகையில் தொங்கியது.

"விவாதம் வைக்கோணும்" என்றார் கொள்கை அண்ணை.

வைத்தார். அன்னதான மண்டபத்தில் இரண்டு மேசைகள். நடுவில், முட்டை அவிக்க நேரம் பார்க்கும் மணிக்கூடு. முதற்கேள்வி வாகனத் தரிப்பிடம் பற்றியது. இரண்டாவது, சாம்பாரில் உப்பு. மூன்றாவதை எழுந்துநின்று கேட்டார்.

"பூசை முடிய ஆக்கள் பாடுறதோ, ரெக்கோர்டிங்கோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

நாதன் கைகூப்பினார். "எல்லாம் முருகன் விட்ட வழி."

"முருகன் போட்டியிடேல்லைத் தம்பி. நீங்கள்தான் நிக்கிறியள்."

மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. மணிக்கூடும் அடித்தது. நாதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஆக்கள்தான் பாடோணும்" என்றார்.

செல்வம் நேர்மையாகவே பேசினார். "சனத்துக்கு ரயிலைப் பிடிக்கோணும். ரெக்கோர்டிங்தான் வசதி." பிறகு எங்கள் வரிசைப் பக்கம் பார்த்தார், முகம் வெளிறியது. "இல்லை, நானும் ஆக்கள் பாடுறதெண்டே சொல்லுறன்."

"கொள்கை மாத்தலாம். காரணம் சொல்லோணும்."

"பாடுற ஆக்களுக்குள்ளை என்ரை மனுசியும் இருக்கிறா."

"ஏற்றுக்கொள்ளுறம்" என்றார் அண்ணை, நீதிபதியைப்போல.

நாதன் வென்றார். யார் வென்றிருந்தாலும் பதிகம் நிலைத்திருக்கும். சபை நடுவே இருவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்களே. நன்றி சொல்ல அண்ணையைத் தேடினேன். வாசலில், செருப்புத் தட்டின் அருகே நின்றார். பூசைக்கு அவர் உள்ளே வந்து நான் கண்டதில்லை.

"உமக்குப் பாட்டிலை இவ்வளவு அக்கறையோ, தம்பி?"

"வேலை முடிஞ்சு வந்து, இதிலை நிண்டு கேட்டிட்டுத்தான் வீட்டை போறனான், அக்கா. உடுப்பெல்லாம் சமையல் மணம், அதுதான் உள்ளை வாறேல்லை. ரெக்கோர்டிங்கெண்டால் வீட்டிலையும் கேக்கலாம். ஆனா அதிலை நீங்கள் இடையிலை இருமுறது இராதே."

அன்றுமுதல் ஒவ்வொரு பதிகத்தின் கடைசி அடியையும் சற்று உரத்தே பாடுகிறேன். இறைவன் அருகில்தான் இருக்கிறான். செருப்புத் தட்டுத்தான் தொலைவில் இருக்கிறது.