'தங்கமான பெண்' என்று சொல்லத் தவறியது பற்றி

ஊரப்பாக்கம்,
16.12.2006

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மைத்துனர் திரு. ராமானுஜம் அவர்களுக்கு, தங்கள் தங்கை சகுந்தலாவின் கணவன் பக்தவத்சலம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் சகுந்தலாவும், எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்வரும் தங்கள் மகள் வைஷாலியும் நலம். வேடந்தாங்கலில் தாங்களும், தங்கள் மனைவியும் எனக்குத் தங்கை முறையுமான செங்கம்மாளும் நலமாக இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஏரி நிறைந்திருக்கிறதாம், கூழைக்கடாக்கள் வந்து இறங்கிவிட்டனவாம்; மதுராந்தகம் பஸ்ஸில் ஒருவர் சொன்னார். நேரில் பார்க்காத காரணத்தால் எதையும் உறுதியாக எழுதவில்லை. 'ஆரம்பித்துவிட்டானா' என்று தாங்கள் இந்த இடத்தில் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரியும். மன்னிக்கவும், தெரியாது. கடிக்கிறீர்கள் போலிருக்கிறது.

போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறீர்கள் என்பதால் இந்தக் கடிதம். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, கடைசி விசாரிப்பு ஒன்றுதான் பாக்கி என்று தை மாதத்துக்கு மண்டபமும் சொல்லி வைத்திருந்த செங்கல்பட்டு சம்பந்தம், என் வாயால் நின்றுபோனது உண்மை. 'பைத்தியக்காரா, என் பெண் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டாயே' என்று கேட்டீர்கள். வைஷாலி வேலையை விட்டுவிட்டு உடனே ஊர் வந்து சேர வேண்டும் என்றும் சொன்னீர்கள். தங்கள் கோபம் நியாயம். ஆனால் குற்றவாளி நான் ஒருவன் மட்டுமே என்பதையும், அந்தக் குற்றம் எப்படி விளைந்தது என்பதையும் விளக்க வேண்டியது என் கடமை. பெண்ணுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

கல்பாக்கத்தில் முப்பத்துநான்கு வருஷம் நான் பார்த்த வேலை, மீட்டரில் முள் எங்கே நிற்கிறதோ அந்த எண்ணைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது. நாற்பத்திரண்டு என்றால் நாற்பத்திரண்டு. 'நாற்பத்திரண்டு போலிருக்கிறது' என்று ஒரு நாள் எழுதியிருந்தாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஓய்வு பெற்றதும் எங்கள் மகன் இனியன் ஜப்பானில் தான் இருக்கும் நகோயாவுக்கு எங்களை அழைத்துப் போனான். அங்கே மூன்று மாதம் வாயைத் திறக்க வழியில்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் குனிந்தால் நானும் குனிந்து, அவர் நிமிரும்வரை நிமிராமல் இருந்து, இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அடுத்த பயணத்துக்குள் பாஷை கற்றே தீருவது என்று இங்கே சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித் தருகிறவள் ஷபானா, இருபத்தாறு வயசு, ஒசாகாவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு இப்போது சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். மாணவர்கள் எல்லாம் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள். நான் ஒருவன்தான் முதியோர் சலுகை அட்டை.

பதினேழாம் பாடம்தான் என்னைக் கெடுத்தது மச்சான். கேட்டதை எப்படிச் சொல்வது, ஊகித்ததை எப்படிச் சொல்வது என்ற பாடம். யாரோ சொன்னது என்றால் முடிவில் 'சோ தெஸ்' போட வேண்டும். கேட்டதையும் பார்த்ததையும் கூட்டிக் கணக்குப் போட்டால் 'ராஷீ'. அநேகமாக என்றால் 'தெஷோ'. இருந்தாலும் இருக்கும் என்றால் 'கமோ ஷிரெமாசென்', இதைச் சொல்லி முடிப்பதற்குள் இருந்தது இல்லாமல் போய்விடும். இதெல்லாம் 'வருவானாம்', 'வருவான் போல', 'வரலாம்' என்று நம்மிடமும் இருப்பதுதான், பயப்படாதீர்கள் என்றாள் ஷபானா. ஆனால் அங்கே ஒரு மரியாதை உண்டு, அடுத்தவர் மனதில் இருப்பதை நாம் அடித்துச் சொல்லக் கூடாது, 'அவருக்கு வருத்தம்' என்றால் தப்பு, 'வருத்தமாக இருக்கிறார் போல' என்றால்தான் சரி என்று சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அறுபத்தோரு வயசு வரை எத்தனை பேர் மனதைப் பார்த்த மாதிரி பேசியிருக்கிறேன், எத்தனை வதந்தியை நேரில் கண்ட மாதிரி பரப்பியிருக்கிறேன் என்று நினைத்து வெட்கமாகப் போயிற்று. அன்று முதல் தமிழிலும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுப்பில் பால் பொங்குகிறதா பாருங்கள் என்று சகுந்தலா கேட்டதற்கு, கூடத்தில் இருந்தபடி வாசனையை வைத்துக் கணித்து, 'பொங்கியிருக்கலாம்' என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு லிட்டர் பால் போயிற்று. ஸ்டேஷனில் ஒரு கர்ப்பிணிப் பெண் இந்த வண்டி தாம்பரம் போகுமா என்று கேட்டாள். 'போகுமென்று சொல்கிறார்கள்' என்றேன். அவள் ஏறாமல் நின்று வேறு ஆளைத் தேடுவதற்குள் வண்டி போய்விட்டது. நல்ல வேளையாக அடுத்த வண்டி சீக்கிரமே வந்தது. பேசிப் பழகுவதற்காக ஷபானா எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் அழைத்துப் போனாள். கடற்கரைக் கோயில் அருகே ஒரு ஜப்பானியத் தம்பதி மாட்டினார்கள். பல்லவர்கள் கட்டியதாகச் சொல்கிறார்கள் என்று நான் சொன்னதும் பெரியவர் மகிழ்ந்துபோய்க் கைகுலுக்கினார். அந்தத் தைரியத்தில், கழிவறை எங்கே என்று அந்த அம்மாள் தவிப்போடு கேட்டபோதும் 'அந்தப் பக்கம் இருந்தாலும் இருக்கும்' என்று கையைக் காட்டிவிட்டேன். என் கை காட்டிய பக்கம் கலங்கரை விளக்கம்தான் இருந்தது. அவர்கள் ஏறக்குறைய ஓடினார்கள்.

இதையெல்லாம்கூட மறந்துவிடலாம், மோசஸ் வீட்டில் நடந்ததுதான் மறக்கவில்லை. மோசஸ் என்னோடு வேலை பார்த்தவர். அவருடைய அப்பா தொண்ணூற்றொரு வயதில் போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மாலையோடு போனேன். நடுக்கூடத்தில் பெட்டி, சுற்றிலும் உறவுகள், பாட்டு நடக்கிறது. மோசஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பெட்டியைப் பார்த்துவிட்டு மிகுந்த பணிவோடு, 'அப்பா தவறிட்டார் போலிருக்குதே' என்றேன். மோசஸ் பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டார்.

"அண்ணாத்த, பொட்டிக்குள்ள படுத்துகினு கீறாரு. இன்னும் இன்னா ஒனுக்கு சந்தேகம்?" என்றார்.

இவ்வளவு பட்ட பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணனின் பெரியப்பா திருநாவுக்கரசும் பெரியம்மா அம்சாவும் விசாரிப்புக்கு வந்தார்கள். சகுந்தலா கேசரி செய்து வைத்திருந்தாள். வைஷாலி அறையை விட்டு வெளியே வரவில்லை. நம் பக்கத்து விசாரிப்பு முறை தங்களுக்குத் தெரியாததல்ல. கேள்வி எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: தங்கமான பெண். அதுவும் கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்கினால் பெண்ணிடம் ஏதோ குறை. பையனைக் கேட்டாலும் இதே கதைதான். சீட்டு விளையாடியே வீட்டை விற்றவனைக் கேட்டாலும் 'சொக்கத் தங்கங்க' என்பான் பக்கத்து வீட்டுக்காரன். சொல்ல மனமில்லாதவன் மட்டும் வானத்தைப் பார்த்து 'இருக்கும்ங்க' என்பான். அந்த ஓர் 'இருக்கும்ங்க'வில் செங்கல்பட்டு தாலுகாவில் எத்தனை சம்பந்தம் முறிந்திருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

நான் அன்று 'இருக்கும்ங்க'வை நான்கு விதமாகச் சொன்னேன். பெண் எப்படி என்றார் திருநாவுக்கரசு. நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள் என்றேன். கேசரி வைத்த தட்டு அவர் மடியில் அப்படியே நின்றது. சமையல் தெரியுமா என்றார் அம்சா. தெரியுமாம் என்றேன். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் அவள் சமைத்ததைச் சாப்பிடுகிறவன் நான்! கோபக்காரியா என்றார்கள். அநேகமாக இருக்காது, அடுத்தவர் மனசு நமக்கு எப்படித் தெரியும் என்றேன். அம்சா தன் கணவரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"கண்ணாலத்துக்கு அப்பால வேலைய வுட்டுடும் இல்ல?"

விட்டாலும் விடலாம், விடாமலும் இருக்கலாம் என்றேன்.

அவ்வளவுதான். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, ராகு காலம் வருகிறது என்று எழுந்துவிட்டார்கள். ராகு காலத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. மறுநாள் தரகர் மூலம் தங்களுக்குச் செய்தி வந்ததல்லவா, 'ஜாதகத்தை இன்னொரு தடவை பார்க்கணுமாம்' என்று? நேராக வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கும் வாய் வரவில்லை பாருங்கள். ஜப்பான்காரன் கெட்டான் நம்மிடம்.

ஆகவே மச்சான், என் தவறை ஒப்புக்கொள்கிறேன். தாங்கள் உத்தரவு கொடுத்தால் நானே செங்கல்பட்டுக்குப் போய், திருநாவுக்கரசு வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி தங்கம் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அதுவரை வைஷாலியை ஒன்றும் சொல்லாதீர்கள், வேலையை விடச் சொல்லாதீர்கள். அவள் குழந்தை. திட்ட வேண்டியதையெல்லாம் என்னையே திட்டுங்கள், எனக்கு வேறு வேலையும் இல்லை. தங்கை செங்கம்மாளுக்கு என் அன்பைச் சொல்லவும். தங்கள் கரும்பும் கன்று ஈன்ற பசுவும் செழிக்கவும், தங்கள் ரத்த அழுத்தம் இறங்கவும் இங்கே நந்தீஸ்வரர் மலை மேல் இருக்கிற எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,
ப. பக்தவத்சலம்

பின்குறிப்பு: அண்ணா, நான் சகுந்தலா. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு இவர் வகுப்புக்குப் போயிருக்கிறார். ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மூன்று நாள் உட்கார்ந்து இதை எழுதினார். ஜப்பான் பாடம் நிஜம், மோசஸ் அண்ணன் வீட்டில் மானம் போனதும் நிஜம். ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசச் சொன்னது மட்டும் நான்.

அதற்கு முதல் நாள் சனிக்கிழமை மத்தியானம் அந்த மாப்பிள்ளைப் பையன் வைஷாலிக்குப் போன் செய்தான். பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடணும், எங்க வீட்டுப் பொம்பளைங்க பஸ் ஏறிப் போகிற வழக்கம் இல்லை என்றான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். போனை வைத்துவிட்டு என் மடியில் விழுந்து அப்படி அழுதாள். இவரிடம் சொன்னேன். எனக்குப் பொய் வராதே என்று கையைப் பிசைந்தார். பொய் வேண்டாம், அந்த வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசுங்கள், போதும் என்றேன். அப்படியும் தங்கமான பெண்ணைத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன் என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. இப்போது பழி அவள் மேல் விழக் கூடாது என்று, தானே கோமாளி வேஷம் கட்டிக்கொண்டு இவ்வளவு எழுதியிருக்கிறார். இவரை நீ பைத்தியக்காரன் என்றதை என்னால் பொறுக்க முடியவில்லை அண்ணா. செங்கல்பட்டுக்கு இவர் போக மாட்டார், நான் விட மாட்டேன்.

வைஷாலி உன்னிடம் நாலு தடவை "வேணாம்ப்பா" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை நான் கூடவே நின்றேன். மறுநாளே நீ எனக்குப் போன் செய்து, "பொண்ணுக்கு முழு சம்மதமாம், சகுந்தலா" என்றாய்.

யார் சொன்னது அண்ணா உனக்கு?