மஞ்சள் உறைக்குள் முதல் பரிசு

“எல்லாருக்கும் முதல் பரிசுன்னா, கை தட்ட யாரு இருப்பாங்கக்கா?”

இரண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை ஒருநாள் தன் அக்காவிடம் கேட்டது. கேட்ட இடம், ஊசல் ஆட்டிக் குறி சொல்லும் ஊசலார் வீட்டு வரிசை. அம்மா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். நல்ல கேள்விகளுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் மரியாதை அதுதானே!

அக்காவின் பள்ளியில் வணிகவியல் செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். யாரும் செய்யாத ஒரு தொழிலைச் சொந்தமாக யோசித்து, செலவு, விலை, விளம்பரம் எல்லாம் எழுத வேண்டும்; சிறந்தவற்றுக்குப் பரிசு உண்டு. பிள்ளைகள் யோசிப்பதற்குள் பெற்றோர் முந்திக்கொண்டு ஊசலாரிடம் ஓடினார்கள். அவர் கோப்பின் மேல் ஒரு பித்தளைக் குண்டை நூலில் தொங்கவிடுவார். இடப்பக்கம் சுற்றினால் தொழில் படுத்துவிடும். அவர் மந்திரித்த மஞ்சள் உறைக்குள் கோப்பை வைத்தால் வலப்பக்கம் சுற்றும். முதல் பரிசு நிச்சயம். உறை அவரிடமே விலைக்குக் கிடைக்கும். அந்த வட்டாரத்தில் நன்றாக யோசித்து நடத்தப்பட்ட தொழில் அது ஒன்றுதான்.

அக்காவின் திட்டம் குடை. ஒரு பேருந்து நிறுத்தத்தில் எடுத்து, இன்னொரு நிறுத்தத்தில் மாட்டிவிட்டுப் போகும் வாடகைக் குடை. போன மழைக்காலத்தில் அவள் நனைந்து நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி தன் குடையை அவள் கையில் திணித்துவிட்டுப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்க முடியவில்லை. அதிலிருந்து முளைத்த யோசனை.

முந்தின வாரமே ஊசலார் சொல்லியிருந்தார்: “குடை மடங்குற சாமான்மா. தொழிலும் மடங்கிடும். மெழுகுவத்தின்னு மாத்திடு. உறையையும் வாங்கிக்கோ.”

அம்மா வாங்கிவிட்டாள். மெழுகுவத்தி என்று மாற்றி எழுதிய கோப்பைக் காட்டத்தான் அன்றைய வரவு.

“என் குடைய விடமாட்டேம்மா.”

“முதல் பரிசு வேணாமாடி உனக்கு?”

அக்கா வரிசையில் நின்றவர்களை விசாரித்தாள். எல்லோருக்கும் முதல் பரிசு! தங்கை அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

“மத்தவங்களுக்குச் சும்மா சொல்லியிருப்பார். நம்ம பையனுக்குச் சொன்னதுதான் நிஜம்,” என்றார் ஒரு தையல்காரர். அவருக்குப் பின்னால் நின்றவரும் அதையேதான் சொன்னார். நம்பிக்கையில்தான் எவ்வளவு ஒற்றுமை!

அக்கா, தங்கையின் பள்ளிப்பையைத் திறந்து, உறைக்குள் எதையோ மாற்றி வைத்தாள்.

அவர்கள் முறை வந்தது. உறையின் மேல் குண்டு வலப்பக்கம் கிறுகிறுவென்று சுற்றியது. ஊசலார் கண்ணை மூடினார். “ஆகா! மெழுகுவத்தி பிச்சுக்கிட்டுப் போகும்! நாடு முழுக்கக் கிளை! முதல் பரிசு!”

அக்கா உறையைப் பிரித்தாள். உள்ளே தங்கையின் கணக்கு வாய்பாட்டு நோட்டு.

“ஐயா, ரெண்டாம் வாய்பாட்டுக்கு எந்த ஊர்ல கிளை திறக்கலாம்?”

முதலில் சிரித்தவர் தையல்காரர்தான். சிரிப்பு வரிசை வழியே வாசல்வரை போனது.

“காத்துல குண்டு ஆடிருச்சு,” என்றார் ஊசலார்.

“ஜன்னல் சாத்தியிருக்கே மாமா,” என்றாள் தங்கை.

 வீட்டுக்கு வந்ததும் அம்மா, “குடையே எழுதுடி,” என்றாள். கடவுள் மூளையைக் கொடுத்தபோது மஞ்சள் உறை போட்டுக் கொடுக்கவில்லை என்பது அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

அக்காவுக்கு இரண்டாம் பரிசு. தங்கை கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.

மறுநாள் விடியலில் மேகம் கறுத்திருந்தது. நிறுத்தத்தில் யாரும் இல்லை. அக்கா அந்தப் பெண்மணியின் குடையைக் கிழிசல் தைத்து எடுத்து வந்து, கம்பியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

மழையில் அதை எடுத்தவர், தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருக்கலாம். கொஞ்சம் யோசித்தால், யாரோ ஒரு மனிதர் மாட்டிவிட்டுப் போனது என்று புரியும். அதற்கு ஊசல் வேண்டியதில்லை.