கமலா அல்லது கல்யாணி

எனக்குக் கல்யாணம் ஆனது ஒரு சாய்ந்த கோட்டால். ஆகாமல் போக இருந்ததும் அதே கோட்டால்தான். இதை வெளியில் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியதையெல்லாம் ஒரே சாயங்காலத்தில் பட்டு முடித்துவிட்டேன்.

அப்போது திருநின்றவூரில் நண்பர்களோடு வாடகை வீட்டில் இருந்தேன். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. மென்பொருள் எழுதுவதல்ல, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கக் குறிப்பு எழுதுவது. (அந்தக் குறிப்பை உலகத்தில் யாரும் படித்ததில்லை.) யாரும் படிக்காததால் என் கவனமெல்லாம் காற்புள்ளி, அரைப்புள்ளி மேல் போய்விட்டது. ஓட்டல் பலகையில் ஆச்சரியக்குறி அதிகம் இருந்தால் அங்கே தோசை சாப்பிட மாட்டேன். அவ்வளவு திமிர்.

நித்யா என் பக்கத்து மேசை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், அவள் வீட்டிலும் சொல்லியாயிற்று. அவள் அப்பா சண்முகம், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவு. குடும்பம் குவார்ட்டர்ஸில். "யோசிச்சுச் சொல்றேன்" என்றவர் மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அவருக்குப் பணி நிறைவு வந்தது. நித்யா கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பழைய நோட்டில் நீல மையில் மூன்று வரி.

கைப்பிடித்தேன் கமலாவை
கல்யாணி ராகமாய்க்
காலமெல்லாம் ஒலிக்கின்றாள்

"அப்பா எழுதினது. அம்மாவைப் பத்தி. அம்மாவுக்கே தெரியாது. அந்த நோட்டுல ஷிப்ட் கணக்கு எழுதறார்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. விழாவுல வாசிக்கிற வாழ்த்துமடலை நீ எழுது. இதை அதுல சேர்த்துடு. அப்புறம் அவரால உன்னை வேண்டாம்னு சொல்ல முடியாதுடா."

எழுதினேன். கண்ணாடி போட்டு மாட்டும் மடல் அது. பூங்கொத்துப் படமும் தொழிற்சாலை ஊழியர் சங்கத்தின் முத்திரையும் பாதி இடத்தை அடைத்துக்கொண்டன. கவிதைக்குக் கிடைத்தது ஒரே வரி. கவிதையைப் பத்திக்குள் மேற்கோள் காட்டினால் வரி முடியும் இடத்தில் சாய்கோடு போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தது என் தப்பு. சரி, எங்கே நிறுத்துவது? 'ராகமாய்க்' என்று நிறுத்தினால் கடைசி 'க்' அந்தரத்தில் தொங்கும். அடுத்த வரியே இல்லாதபோது அந்த ஒற்று எதற்கு? 'க்'கை வெட்டினால் கவிஞருக்குத் துரோகம். ஒரு ராத்திரித் தூக்கம் போயிற்று. கடைசியில் அதற்கு முன்னாலேயே நிறுத்தி, விட்டுப்போனதைக் காட்டும் மூன்று புள்ளிகளை வைத்தேன்:

“கைப்பிடித்தேன் கமலாவை / கல்யாணி…”

அச்சகத்தில் தட்டச்சு செய்தவர் தலையைச் சொறிந்தார். "இன்னா சார் நடுவுல கோடு கீது? பூவைக் கொஞ்சம் சின்னதாக்கிட்டு மூணு வரியும் கீழ கீழ போட்டுடலாமே."

"மேற்கோள் போடறதுக்குன்னு ஒரு முறை இருக்குங்க" என்றேன். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

விழா குவார்ட்டர்ஸ் சமுதாயக்கூடத்தில். மேடையில் சண்முகம் மாலையோடும் கமலா அம்மா புதுப் பட்டுப் புடவையோடும் உட்கார்ந்திருந்தார்கள். மடலை வாசிக்க வந்தவர் ஏகாம்பரம். ஸ்டோர்ஸில் சண்முகத்தோடு முப்பது வருஷம் இருந்தவர். கணீரென்ற குரல்.

"அன்பின் உருவே" என்று ஆரம்பித்து அழகாகப் போய்க்கொண்டிருந்தார். எனக்கே கண் கலங்கியது. கவிதை வந்தது.

"கைப்பிடித்தேன் கமலாவை…" கைதட்டல். கமலா அம்மா தலை குனிந்து சிரித்தார். ஏகாம்பரம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குரலை இன்னும் உயர்த்தி, "அல்லது, கல்யாணி!" என்றார்.

கைதட்டல் பாதியில் நின்றது.

ஏகாம்பரத்துக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். ஆனால் மைக் தாழவில்லை. "அப்பால புள்ளி புள்ளி புள்ளின்னு கீது. மீதிய வேணாம்னு உட்டுட்டாங்க போல."

கமலா அம்மா மெதுவாகத் திரும்பினார். "யாருங்க கல்யாணி?"

அந்தக் கேள்வி மைக்கில் விழுந்து கடைசி வரிசை வரை போனது. சண்முகம் வியர்த்துப்போய், "ராகம்மா" என்றார்.

"ராகம்மாவா? அவ வேற யாரு?"

கூடமே வெடித்துச் சிரித்தது. நித்யா என் தொடையில் கிள்ளினாள். (தழும்பு இருக்கிறது.) வாசலைப் பார்த்தேன், வழியில் சாம்பார் வாளிகள். ஓடவும் முடியாது.

சண்முகம் எழுந்தார். ஏகாம்பரத்திடமிருந்து மைக்கை வாங்கினார். மடலைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்து அந்த மூன்று வரியையும் வரிக்கு வரி நிறுத்திச் சொன்னார். குரல் நடுங்கியது.

சிரிப்பு அடங்கிவிட்டது. கமலா அம்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இது எப்ப எழுதினீங்க?"

"நித்யா பொறந்தப்ப."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். இந்தத் தடவை நடுங்கவில்லை.

விழா முடிந்ததும் ஏகாம்பரம் என் தோளில் கை போட்டார். "இன்னா நைனா, எம்மேல தப்பா? ஸ்டோர்ஸ் ஃபாரத்துல கோடு போட்டா அல்லதுன்னுதான் அர்த்தம். 'வேண்டும்', ஒரு கோடு, 'வேண்டாம்'. முப்பது வருஷமா அப்படித்தான் படிச்சுகினு வர்றேன்."

அவருக்குப் பின்னால் சண்முகம் மாலையைக் கழற்றிக் கையில் சுற்றியபடி வந்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"தம்பி, மடல் எழுதினது நீங்கதானே?"

"ஆமா சார். அந்த 'க்' தொங்கும்னுதான்…"

"மூணு வரின்னா மூணு வரியாப் போடணும். கோடு போட்டு மடிக்க அது என்ன வேட்டியா?"

"தப்புதான் சார்."

"இருபத்தாறு வருஷமா அதை அவகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல" என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊர்லேருந்து அப்பா அம்மாவை வரச் சொல்லுங்க. கல்யாணப் பத்திரிகையை நானே எழுதிக்கறேன். நீங்க பேனாவைத் தொடக் கூடாது."

தொடவில்லை. மடலைத் திருத்தி மறுபடி அச்சடித்துத் தருகிறேன் என்று கெஞ்சியும் அத்தை விடவில்லை. அது அப்படியே கண்ணாடிச் சட்டத்தோடு அவர்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சட்டத்தின் நான்கு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். ஐந்தாவதாக ஒரு பொட்டு, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, கல்யாணியின் மேல். அடுத்த ஆயுத பூஜை வரை அதை யாரும் துடைக்கக் கூடாது.

புதிதாக வருகிறவர்கள் அதென்ன அங்கே இவ்வளவு பெரிய பொட்டு என்று கேட்பார்கள். மாமா உடனே செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அத்தை அலட்டிக்கொள்ளாமல் காபியை நீட்டியபடி சொல்வார்:

"அங்க ஒருத்தி இருந்தா. மாப்பிள்ளை கூட்டிட்டு வந்தார்."