குரல் நடுவில் நிற்கவில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொண்டது. நீங்களும் மகளும் குழந்தைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம். முதுகு மட்டும் இரண்டு நாளாகச் சில்லென்று இருக்கிறது. காரணம் நீங்கள் அனுப்பிய ஸ்பீக்கர்கள்.

அலமாரிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்து, சிவப்பு, கறுப்பு ஒயர்களை நானே மாட்டினேன். "ஒரே ஆள் பேசுற டேப்பப் போட்டுப் பாருங்க மாமா, குரல் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல நிக்கணும்" என்று ஃபோனில் சொன்னீர்களே, வீட்டில் அப்படி இருந்த ஒரே கேசட் உங்கள் அத்தை பள்ளிக்கூடத்துக்காகப் பதிந்த சொல்வதெழுதுதல்தான். அவள் போய் மூன்று வருடமாக அதைத் தொட்டதில்லை. போட்டேன். குரல் நடுவில் நிற்கவில்லை மாப்பிள்ளை, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. வகுப்பில் பிள்ளைகளின் முதுகுப் பக்கமாக நடந்துகொண்டே சொல்வாளே, அதே மாதிரி. "நிமிர்ந்து உக்காரு. பக்கத்துல பாக்காத" என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேசட் முடியும்வரை திரும்பவில்லை.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பேய் என்றால் சிரிக்கிற ஆள். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர், "நிமிர்ந்து உக்காரு" வந்ததும் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லப்பா."

"பின்னாடி மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு."

"டேப்புல அவ மூச்சும் பதிஞ்சிருக்கும்."

இருந்தாலும் இரண்டு பேரும் போய்ச் சமையலறையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். பிறகு ஒயர்களைக் கழற்றி, நுனிகளில் டார்ச் பேட்டரியைத் தொட்டுக் காட்டினார். இடது பெட்டியின் காகிதக் கூம்பு வெளியே துள்ளியது. வலது உள்ளே பதுங்கியது. "ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது சார். வலதுல சிவப்பும் கறுப்பும் மாறிப்போச்சு. அதான் குரலுக்கு நிக்க இடமில்ல." மாற்றி மாட்டினார். உடனே உங்கள் அத்தை இரண்டு பெட்டிக்கும் நடுவே சுவரோரமாக, குரூப் ஃபோட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்று, "மழைக்காலம்" என்றாள். என் பின்னால் வெறும் கூடம்.

ஆகவே பேயுமில்லை ஒன்றுமில்லை, என் கண்பார்வைதான் காரணம். மகள் பயந்துகொண்டு கிளம்பி வரவேண்டாம். எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: எலக்ட்ரீஷியன் போனதும் வலது ஒயரைப் பழையபடியே மாட்டிவிட்டேன். வரும்போது திருத்தவேண்டாம். தாளும் பேனாவுமாக உட்கார்ந்து இருபது வார்த்தையும் எழுதினேன். நாலு தப்பாம்.