நான் பூட்டப் பார்த்த பாலைவனம்

எந்த ஆபத்தையும் எண்ணிவிட்டால் அது பாதியாகக் குறைந்துவிடும் என்று நம்புகிறவன் நான். விமானத்தில் ஏறினால் அவசர வாசலுக்கு எத்தனை வரிசை என்று எண்ணுவேன். கனடாவில், மில்லிக்கன் என்ற ஊரில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறைக்குப் பதின்மூன்று படிகள். (பதின்மூன்றாவது படியைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் மிதிப்பேன்.) மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடம் திருகாணிகளை எண்ணிச் சம்பளம் வாங்கினேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருவரும் கேட்காமலே எண்ணுகிறேன். இந்தப் பழக்கத்தால் எவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் என் மனைவியின் பாலைவனத்தைப் பூட்டப் பார்த்தேனே, அதுவரைக்கும்.

முதலில் மனைவி. பெயர் பவளம். கார் ஓட்டும் பரீட்சையில் ஐந்து தரம் தோற்றவள். ஓட்டத் தெரியாமல் அல்ல, இரக்கம் கூடிப்போய்த்தான் தோற்றாள். பச்சை விளக்கு எரிந்தாலும் நின்று மற்றவர்களுக்கு வழி விடுவாள். ஐந்தாவது தரம் ஒரு சந்தியில் பதினொரு கார்களைப் போகவிட்டாளாம். பின்னால் நின்றவர்கள் ஹோன் அடிக்க அடிக்க இவள் நகராமல் இருக்க, பரீட்சகர் தானே இறங்கி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு அவள் விண்ணப்பிக்கவில்லை. பத்தொன்பது வருடம் என் பக்கத்து இருக்கையில் இருந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்தது பாலைவனம். எங்கள் மருமகன் தயா ஒரு நாலு சில்லு வண்டி வாங்கினான். மோட்டார் சைக்கிளுக்கும் டிராக்டருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஒன்று. அதை ஓட்டுவதற்கு இரண்டு மணி நேரம் வடக்கே போகவேண்டும். அங்கே ஒரு காலத்தில் பைன் மரக்காடு இருந்ததாம். காட்டைத் தறித்து, பயிர் செய்து பார்த்து, மண்ணெல்லாம் காற்றில் பறந்து, கடைசியில் வெறும் மணல்மேடாகக் கைவிடப்பட்ட நிலம். இப்போது உள்ளூர்ச் சபைக்குச் சொந்தமான பொது நிலம். அந்தப் பகுதிக்காரர்கள் அதை 'டெசர்ட்' என்றுதான் சொல்வார்கள். ஒட்டகம் ஒன்றுதான் குறை. வண்டிக்கு நம்பர் தகடும் காப்புறுதியும், தலைக்கு ஹெல்மெட்டும் இருந்தால் போதும், ரோட்டு லைசன்ஸ் கேட்கமாட்டார்கள்.

பவளம் முதல் நாள் அங்கே வந்தது புட்டும் கோழிக்கறியும் பரிமாறத்தான். சாப்பிட்டு முடிந்ததும் தயா விளையாட்டாக, "மாமி, ஒருக்கா ஏறிப் பாருங்கோவன்" என்றான். மாமி ஏறினாள். ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைந்தாள். ஏழு நிமிடம். (நான் எண்ணியது நானூற்று இருபத்தாறு வினாடி.) நான் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கத்தால் வரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேட்டின் மறுபக்கத்தால் திரும்பி வந்தாள். பல்லெல்லாம் மணல். சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது வருட மணவாழ்வில் அவள் அப்படிச் சிரித்ததை மூன்று தரம்தான் கண்டிருக்கிறேன்.

"இஞ்சாருங்கோ," என்றாள், "எனக்கு ஒருத்தரும் ஹோன் அடிக்கேல்லை."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பாலைவனம்தான். கோவிலுக்குச் சனிக்கிழமையே போய்விடுவாள்.

இரண்டாவது வருடம் அறிவித்தல் வந்தது. தூசி, சத்தம், குப்பை, குளத்தடியில் ஆமைகள் முட்டையிடும் மணல். இவற்றைக் காரணம் காட்டி, அந்த நிலத்தை வண்டிகளுக்கு முற்றாக மூடுவது பற்றிச் சபை யோசிக்கிறதாம். பொதுக்கூட்டம் வைப்பார்கள், யாரும் வந்து பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். வண்டிக்காரர் சங்கம் தன் ஆட்களை வந்து பேசச் சொன்னது. எங்கள் மகள் சுகன்யா எனது பெயரையும் தாயின் பெயரையும் பதிந்துவிட்டாள். பவளம் வாயே திறக்கமாட்டேன் என்றுவிட்டாள். தன் ஆங்கிலம் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதும், சபைக்குப் போதாதாம்.

"நீங்கள் படிச்சனீங்கள்தானே. எனக்காக ஒருக்கா வடிவாக் கதையுங்கோ," என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் அல்ல. அதனால் பயம் பிடித்துக்கொண்டது. பயம் பிடித்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பதினொரு ஞாயிறு, மடக்குக் கதிரையும் கொப்பியுமாக ஒரு மேட்டில் இருந்து எண்ணினேன். வந்த வண்டிகள், மணலில் புதைந்த வண்டிகள், தூசி என் தேநீர்க் கோப்பை வரை வந்த தடவைகள், பொறுக்கிய குப்பைப் பைகள், கண்ட ஆமைகள். (ஆமை ஒன்று. கிட்டப்போய்ப் பார்த்தபோது கல்.) பிறகு பேச்சை எழுதினேன். பள்ளிக்கூட விவாதப் போட்டியில் படித்த முறை: முதல் பாதியில் எதிராளியின் குற்றச்சாட்டுகளை எல்லாம் நாமே சொல்லிவிட வேண்டும், இரண்டாம் பாதியில் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். வீட்டில் வாசித்துப் பார்த்தேன். நூற்று எழுபத்தொரு வினாடி. ஒன்பது வினாடி மிச்சம். அதில் நன்றி சொல்லலாம்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் நூற்றுப்பதினெட்டுக் கதிரைகள், இரண்டு வாசல்கள். வலப்பக்கம் நாங்கள், வண்டிக்காரர். இடப்பக்கம் ஆமைக்காரர், எல்லோரும் பச்சைச் சட்டை. முன்னால் மேசையில் சபைத் தலைவி, கண்ணாடி போட்ட அமைதியான பெண். பக்கத்தில் குறிப்பெடுக்கவும் நேரம் முடிந்தால் மணி அடிக்கவும் ஒரு எழுதுவினைஞர். பத்தொன்பதாவதாக என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். வீட்டில் செய்யாத ஒன்றை மட்டும் செய்தேன். சபையோர் மனதில் பதியட்டும் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தினேன். பதினொரு ஞாயிறும் தூசி என்றேன், நிறுத்தினேன். ஒன்பது வண்டிகள் புதைந்தன என்றேன், நிறுத்தினேன். பதினேழு பை குப்பை என்றேன். அந்தக் குப்பை முழுவதையும் வண்டிக்காரர்களே பொறுக்கினார்கள், அதில் பாதி அவர்கள் போட்டதே அல்ல என்பது அடுத்த வசனம். மணி அடித்துவிட்டது.

முதல் பாதியோடு நின்றேன். எதிராளியின் பாதி.

தலைவி அன்பாக என்னைப் பார்த்தார். பாவம், வயது போன மனிதர், முடிவைச் சொல்லாமல் போகிறாரே என்று நினைத்திருப்பார். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "இந்த இடத்தை மூடவேண்டும் என்று நீங்கள் விரும்பவில்லையா, சேர்?"

நான், "யெஸ்" என்றேன்.

இதில் என்ன பிழை என்று கேட்கிற வாசகர்கள் என் கட்சி. "சாப்பிடேல்லையோ?" என்று கேட்டால், சாப்பிடாதவன் "ஓம், சாப்பிடேல்லை" என்கிறான். நீ கேட்டது சரி என்று கேட்டவருக்குக் கொடுக்கும் மரியாதை அது. ஆங்கிலக்காரர் கேட்டவரைப் பார்ப்பதில்லை, சாப்பாட்டைப் பார்க்கிறார்கள். சாப்பிட்டால் யெஸ், சாப்பிடாவிட்டால் நோ. இது எனக்குத் தெரியாததல்ல. முப்பத்து நான்கு வருடம் கனடாவில் இருந்தவன், தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த மூன்று பேருக்கு இதை நானே சொல்லிக்கொடுத்தவன். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபோது மூளை ஆங்கிலத்தில் நின்றது, வாய் தமிழுக்குப் போய்விட்டது.

தலைவி ஒழுங்கான ஆள். சரிபார்க்கவேண்டும் என்று நினைத்து மறுபடியும் கேட்டார்: "அப்படியென்றால் இது தொடர்ந்து திறந்திருப்பதை நீங்கள் விரும்பவில்லை?"

ஐயையோ, இந்த மனுசி தலைகீழாக விளங்கிக்கொண்டுவிட்டாரே என்று நான் பதறிப்போனேன். "நோ," என்றேன். போதாதென்று கையையும் ஆட்டி, "நோ, நோ."

இரண்டு கேள்வி, இரண்டு பதில். தமிழில் இரண்டும் சரி. எழுதுவினைஞர் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்.

கைதட்டல் எழுந்தது. நாற்பத்து மூன்று பேர் தட்டினார்கள், அதில் ஆறு பேர் எழுந்து நின்று. என் பேச்சுக்கு வாழ்நாளில் ஒருவரும் எழுந்து நின்றதில்லை. எந்தப் பக்கத்துக் கைகள் என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. திரும்பி வரும் வழியில் ஒரு அம்மா கண் கலங்க என் கையைப் பிடித்துக் குலுக்கி, சட்டையில் ஒரு வில்லையைக் குத்திவிட்டார். நன்றி சொல்லி நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். வில்லையில் ஆமை சிரித்துக்கொண்டிருந்தது.

என் வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தயா தரையைப் பார்த்தான்.

"அப்பா," என்றாள் சுகன்யா, "வட் டிட் யூ ஜஸ்ட் டூ?"

"ஏன், வடிவாத்தானே கதைச்சனான். எல்லாரும் கை தட்டினவை."

பவளத்துக்கு நான் பேசிய ஆங்கிலத்தில் பாதிகூட விளங்கியிருக்காது. ஆனால் அவளுக்கும் கண் இருக்கிறது. "எங்கட பக்கத்தில ஒருத்தரும் தட்டேல்லையேப்பா," என்று மெல்லச் சொன்னாள்.

மகள் விளங்கப்படுத்தினாள். விளங்கிய அந்தக் கணத்தில் எழுதுவினைஞரிடம் ஓடினேன். ஒருவருக்கு ஒரு முறைதான், சேர், உங்கள் கருத்து பதிவாகிவிட்டது என்றார் மிகவும் பணிவாக. திருகாணி ஒன்று குறைந்தால் கணக்கைத் திருத்தலாம். யெஸ்ஸைத் திருத்துவதற்கு அங்கே படிவம் இல்லை. திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். பவளம் மடியில் ஹெல்மெட்டை வைத்திருந்தாள். சங்கத்து ஆட்கள் எல்லோரும் ஹெல்மெட்டோடுதான் வந்திருந்தார்கள். அவள் அதன் பட்டியைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அவ்வளவு காலமும் அவள் ஓட்டுவதை நினைத்துப் பயந்த எனக்கு, அவள் இனி ஓட்டமாட்டாள் என்பதை நினைக்க அதைவிடப் பயமாக இருந்தது.

கடைசிப் பெயராக அவளுடையதைக் கூப்பிட்டார்கள். சுகன்யா, வேண்டாம் என்று கை காட்ட எழுந்தாள். அதற்குள் தாய் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டாள். மகள் பின்னால் ஓடிப்போய் மொழிபெயர்த்தாள்.

"முதல்ல கதைச்சவர் என்ர மனுசன்," என்றாள் பவளம் தமிழில். "நல்ல மனுசன். யெஸ்ஸும் நோவும்தான் அவருக்கு இடம் மாறிப்போச்சு."

மண்டபம் சிரித்தது, இரண்டு பக்கமும். நான் ஆமை வில்லையைக் கையால் மறைத்தேன்.

"நான் ரோட்டில அஞ்சு தரம் பெயில். இந்தப் பெரிய நாட்டில நான் ஓடக்கூடிய இடம் உது ஒண்டுதான். உதைப் பூட்டினா நான் திரும்பவும் இவருக்குப் பக்கத்தில இருந்து பிரேக் மிதிக்க வேண்டியதுதான்." மகள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு பச்சைச் சட்டைக்காரர் பக்கம் திரும்பினாள். "ஆமை முட்டை இடுற காலத்தில நாங்கள் வராமல் விடுறம். குளத்தடிப் பக்கம் வேலி போடுங்கோ. ஆமைக்கு வழி விடுறது எனக்கு வலு சுகம். வழி விட்டு விட்டுத்தான் நான் அஞ்சு தரமும் பெயிலானனான்."

அவள் பேசியது ஒரு நிமிடமும் இருக்காது. மணி அடிக்கவேயில்லை. கைதட்டியவர்களை நான் எண்ணத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டேன். கண்ணாடி மங்கலாகிவிட்டது.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. நிலம் திறந்திருக்கும். ஆமைகளின் காலத்தில் மட்டும் மூடுவார்கள், குளத்தடியில் வேலி. அவள் சொன்னதால்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், வேறு பலரும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் வரலாறு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. சபையின் வரலாறு வேறு. கூட்ட அறிக்கையில் பத்தொன்பதாம் இலக்கத்தில், நிலத்தை மூட ஆதரவு தெரிவித்தவர் என்று என் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. அதைப் பார்த்த ஆமைக்காரர்கள் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பி, முட்டைக் குழிகளைக் கணக்கெடுக்கத் தொண்டர்கள் தேவை என்று கேட்டிருந்தார்கள். என்னை எண்ணச் சொல்லி ஒருவர் கேட்டு எத்தனை வருடமாயிற்று. போகிறேன். பச்சைச் சட்டை எனக்கு அளவாக இருக்கிறது. பவளம் சாப்பாடு கட்டித் தருகிறாள், "உங்கட கட்சிக்காரருக்கும் குடுங்கோ" என்று.

வீட்டில் என்னிடம் யாரும் நேராக ஒரு பதிலை வாங்குவதில்லை. தேநீர் வேண்டாமா என்று கேட்டு நான் ஓம் என்றால், "தமிழ் யெஸ்ஸோ, இங்கிலிஷ் யெஸ்ஸோ?" என்கிறாள் சுகன்யா. தயாவும் அதையே கேட்கிறான். அஜின்கோர்ட்டில் எங்கள் பல் வைத்தியர், அவர் எங்கள் ஆள்தான், என் பல்லைப் பிடுங்குவதற்கு முன், நோகேல்லையோ என்று ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டபோது பவளம் கதவடியில் நின்று, "டொக்டர், எந்த யெஸ் எண்டு கேட்டுப்போட்டுப் பிடுங்குங்கோ" என்றாள்.

போன ஞாயிறு அவள் என்னையும் வண்டியின் பின்னால் ஏற்றினாள். எழுபத்தொரு வயதில் முதல் தடவை. ஹெல்மெட் பட்டியைத் தானே இறுக்கிவிட்டாள். இயந்திரம் உறுமியது. முன்னால் மணல்மேடு, அதற்கப்பால் வானம் மட்டும்தான் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, பயமில்லையோ?" என்று முன்னால் பார்த்தபடி கேட்டாள்.

"யெஸ்," என்றேன்.

"எந்த யெஸ்?" என்று அவள் தலையைத் திருப்புவதற்குள் மேடு வந்துவிட்டது.