நேர்காணலுக்குப் போன கடல் வரைபடம்

சிங்கப்பூரில் வழி தவறுவதற்கென்று தனித்திறமை வேண்டும். எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு எம்ஆர்டி ரயில் நிலையம் வந்துவிடும். அதையும் தாண்டி நடந்தால் கடல் வந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில், தேக்கா மார்க்கெட்டுக்குள் வாழையிலை வாங்கப் போய், வேறு வாசல் வழியாக வெளியே வந்து, வாசலில் நிறுத்திய தன் வேனை யாரோ திருடிவிட்டார்கள் என்று போலீசுக்குப் போன் போட்ட ஒரே மனிதர் எங்கள் கேப்டன்தான். அவர் ஒரு பாய்மரப் படகுக்குச் சொந்தக்காரர் என்றால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை, ஏறி உட்காரும்வரை.

பிறவிக் கேப்டன் இல்லை அவர். லிட்டில் இந்தியாவில் பாதிக் கடைகளுக்கு ஏர்கான் சர்வீஸ் செய்பவர். ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஏர்கான் கழற்றப் போனார். திரும்பும்போது அந்த மனிதரின் பழைய படகை வாங்கிக்கொண்டு வந்தார். முறையாகப் படித்து லைசென்ஸும் எடுத்தார். படகுக்குச் 'செல்வி' என்று பெயர் வைத்தார். அது அவர் மனைவியின் பெயர். "இந்தப் பாழாப்போன செல்வி..." என்று செல்வி அக்காவே படகைத் திட்ட ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

பாயைப் பிடிப்பதிலும் காற்றைக் கணிப்பதிலும் மனிதர் கெட்டிக்காரர். வழி மட்டும்தான் வராது. அதற்குத்தான் டேப்லட். கடல் வரைபடம், ஆழம், நீரோட்டம், பக்கத்து நாட்டு ஜோகூருக்கும் நமக்கும் நடுவில் ஓடும் எல்லைக்கோடு, எல்லாமே அதில்தான். தோசை மாவு கட்டிவைக்கிற ஜிப் பைக்குள் அதைப் போட்டு, ஏர்கான் மாட்டுகிற இரும்புத் தாங்கியில் உட்கார வைத்திருப்பார். யாரும் தொடக்கூடாது.

"கையைத் தொடச்சியா?"

"ம்."

"சரி, அப்பவும் தொடாதே."

முதல் பயணத்தில் கடல் வரைபடத்துக்குப் பதில் கார் ஓட்டுகிற மேப்பைத் திறந்து வைத்துவிட்டார். பொங்கோல் படகுத்துறையிலிருந்து கிளம்பி நடுக்கடலுக்குப் போனதும், அதிலிருந்த பெண் குரல் 'முடிந்தவுடன் யூ-டர்ன் எடுக்கவும்' என்றது. "சரிம்மா, எடுக்கிறேன்மா" என்று பாயைத் திருப்பியும்விட்டார். அந்தம்மா அத்தோடு விடவில்லை. அன்று மாலைவரை நாங்கள் கடலில் வட்டமடித்தோம்.

ஊரோடு தொடர்பும் அதே டேப்லட் வழியாகத்தான். பழைய பட்டன் போனை வேனிலேயே போட்டுவிட்டு வருவார். 'செல்வி சேஃப்டி' என்று ஒரு குரூப். சொந்தபந்தம் அத்தனை பேரும் உள்ளே. மணிக்கொரு முறை குரல் செய்தி போடுவார். "இப்ப உபின் தீவுக்குப் பக்கத்துல இருக்கோம். காத்து நல்லாருக்கு. சாப்பாடு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு பொரியல்." ஆபத்து என்றால் ஓடிவந்து காப்பாற்றுவதற்காக அமைத்த குரூப் அது. "பொரியல்ல உப்பு சரியா இருக்கா?" என்பதுதான் வழக்கமாக வரும் பதில்.

இவரிடம் நான் மாட்டிய கதையைச் சொல்ல வேண்டும். சரக்குக் கப்பல் கம்பெனியில் பத்துப் பதினைந்து வருடம் குப்பை கொட்டியிருந்தேன். ஒரு நாள் ஆட்குறைப்பு என்று எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். ஏழு மாதம் வீட்டில். விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. மனைவி கவிதா வேலைக்குப் போய்விடுவாள். நான் கிளமெண்டி வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் ஏர்கான் போட்டுப் படுத்துக் கிடப்பேன். யாரோடும் பேச்சில்லை. கேட்டால் 'ம்'. அவ்வளவுதான்.

ஏர்கான் சரியாகக் குளிரவில்லை என்று கவிதா கேப்டனைக் கூப்பிட்டாள். வந்தவர் ஏணியில் ஏறினார், திறந்து பார்த்தார், இறங்கி என்னைப் பார்த்தார்.

"தம்பி, மெஷினுக்கு ஒன்னுமில்ல, ஃபில்டர்தான் அழுக்கு. உனக்குத்தான் கேஸ் எறங்கிருச்சு. சனிக்கிழமை பொங்கோல் வந்துரு லா."

எதையும் ஒரு 'லா' போட்டு முடிப்பது சிங்கப்பூர்ப் பேச்சு. வரமாட்டேன் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. அதனால் போனேன். அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். கவிதாவையும் அந்தக் குரூப்பில் சேர்த்துவிட்டார்.

கடைசியில் துவாஸில் ஒரு கம்பெனி திங்கட்கிழமை வீடியோவில் நேர்காணல் என்று அழைத்தது. அதுவரை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்று அந்தச் சனிக்கிழமையும் படகேறினேன். அது ஆயுத பூஜைக்கு மறுநாள்.

ஆயுத பூஜையைக் கேப்டன் விட்டுக்கொடுக்க மாட்டார். டிரில், ஸ்பேனர், ஏணி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கிவிடுவார். இந்த வருடம் வரிசையில் டேப்லட்டும் சேர்ந்துகொண்டது. பட்டை விபூதி, நடுவில் சந்தனம், மேலே குங்குமம். பார்ப்பதற்கு ஒரு குட்டிச் சாமி போலவே இருந்தது. அன்று ஆயுதத்துக்கு ஓய்வு, தொடக்கூடாது என்று அதை சார்ஜ் போடக்கூட இல்லை.

"கடல்ல பவர் பேங்க் இருக்குலா" என்றார்.

பவர் பேங்க் இருந்தது. சொருகினால் உள்ளே போகவில்லை. சார்ஜ் ஏறுகிற ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. பல்குச்சியால் குத்தினார், ஊதினார், மந்திரம்கூடச் சொன்னார். அசையவில்லை. போதாக்குறைக்கு, அவர் குத்துவதைப் படம் எடுக்கிறேன் என்று எட்டிப் பார்த்ததில் என் கைப்பேசி நழுவிக் கடலில் விழுந்தது.

"பரவால்ல தம்பி, இருக்கிற சார்ஜ்ல நேரா வீட்டுக்குப் போயிரலாம்" என்று படகைத் திருப்பினார். அப்போதுதான் குரூப்பில் கவிதாவின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"அண்ணே, அவர் போன் போகமாட்டேங்குது. அந்தக் கம்பெனியில இருந்து வீட்டுக்கு அடிச்சாங்க. அந்த மேடம் இன்னிக்கே ஃபிளைட் ஏறுறாங்களாம், திங்கக்கிழமை முடியாதாம். இப்ப பேசினாத்தான் உண்டு, இல்லாட்டி வேற ஆளைப் பார்த்துக்குவாங்களாம். லிங்க் அனுப்பியிருக்கேன், எப்படியாச்சும் பேசச் சொல்லுங்கண்ணே!"

பேட்டரி சிவப்புக்கு வந்திருந்தது. வரைபடத்தை வைத்தால் கரைக்குப் போகலாம். வீடியோவைத் திறந்தால் வரைபடம் போய்விடும். தேக்காவிலேயே தொலைந்துபோகிறவரிடம் வரைபடத்தை மூடுங்கள் என்று நான் எப்படிக் கேட்பேன்? "விடுங்கண்ணே, வேற வேலை வரும்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாத குரலில்.

கேப்டன் ஜிப் பையைத் திறந்தார். டேப்லட்டை வெளியே எடுத்து என் மடியில் வைத்தார். என் கை ஈரமா என்றுகூடக் கேட்கவில்லை.

"சட்டைப் பட்டனைப் போடு. நிமிந்து உக்காரு."

திரையில் ஒரு நடுத்தர வயது அம்மையார் தோன்றினார். முதல் கேள்வியே, "உங்கள் முகம் ஏன் இவ்வளவு சிவப்பாக இருக்கிறது?" கேமராவில் குங்குமம். துடைத்தேன். இரண்டாவது கேள்வி, "நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

பொய் சொல்ல நேரமில்லை. "மேடம், சத்தியமாக எனக்குத் தெரியாது. எங்கே இருக்கிறோம் என்று காட்டுகிற கருவியில்தான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் என் வாய்ப்பூட்டு கழன்றது. கப்பல் தாமதமானால் சரக்கை எப்படி மாற்றி அனுப்புவது, கோபமாக இருக்கும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று அவர் கேட்கக் கேட்க, மடை திறந்த மாதிரி பேசினேன்.

வெயிலில் திரை தெரியவில்லை. தலைக்குமேல் திடீரென்று நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். கேப்டன் பாயை இறக்கிவிட்டு, ஒரு துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் சுக்கானை அணைத்தபடி நின்றார். படகு தன்பாட்டுக்கு மிதந்து எல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ரோந்துப் படகு வந்தது. ஒலிபெருக்கியில், "செல்வி! செல்வி! எங்கே போறீங்க?" என்று ஆங்கிலத்தில் ஒரு அதட்டல். கேப்டன் துண்டை ஒரு கைக்கு மாற்றி, உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்!" என்றார். ரோந்துப் படகைப் பார்த்து 'ஷ்ஷ்' என்ற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எஞ்சினைத் தணித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். நின்றிருந்த இளம் அதிகாரி நம்மவர். அவரும் ஏனோ குரலைத் தணித்தே கேட்டார்.

"அங்கிள், இன்னும் கொஞ்சம் போனா அந்தப் பக்கம். உங்க கடல் சார்ட் எங்க?"

"இருக்கு சார். இப்ப இன்டர்வியூவுல இருக்கு."

"என்னது?"

"நம்ம தம்பிக்கு வேலை சார். ஏழு மாசமா வீட்டுல இருக்கான். கொஞ்சம் பொறுங்க, நல்லா பேசிக்கிட்டு இருக்கான்லா."

அதிகாரி என்னைப் பார்த்தார். என் சட்டைக் காலரைச் சரிசெய்யும்படி சைகை காட்டினார். பிறகு ஒரு கயிற்றை வீசி, எங்கள் படகு மேலே நகராமல் பிடித்துக்கொண்டார். நான் நன்றி சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துப்போனது. அதன்பிறகு அந்த அதிகாரி கேப்டனுக்கு ஒரு வகுப்பே எடுத்தார். உறைக்கத்தான் சொன்னார், நியாயமாகவும் சொன்னார். கேப்டன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். பொங்கோல் வரை வழிகாட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

வேலை கிடைத்தது. செய்தி வந்ததும் கவிதாவிடம் சொன்னேன், அடுத்து கேப்டனிடம். நான் அம்மாவுக்குப் போன் போடுவதற்குள் குரூப்பில் முழங்கிவிட்டார். நான் கண்ணால் பார்த்தேயிராத அவருடைய சித்தப்பா பெரியப்பாக்களெல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை இனிப்போடு போனேன். நேர்காணல் நாளிலிருந்தே கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"ஏண்ணே, படகுல எஞ்சின் இருக்கே. எல்லை தாண்டிப் போயிருந்தா எவ்வளவு பெரிய சிக்கல். ஒரு நிமிஷம் போட்டுத் திருப்பியிருக்கலாம்ல? லைசென்ஸே போயிருக்குமே!"

அவர் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்த எஞ்சின் ரொம்ப சத்தம் போடும் தம்பி. இத்தனை மாசமா உன் வாயில இருந்து 'ம்'மைத் தவிர வேற ஒன்னும் நான் கேட்டதில்ல. அன்னிக்குத்தான் நீ பேசினே. எவ்ளோ அழகா பேசினே! அதுக்கு நடுவுல போய் எஞ்சினைப் போடச் சொல்றியா?"

நான் ஒரு முழு லட்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன், அதையும் அவர் குரூப்பில் போட்டிருப்பார்.